வாசுதேவநல்லூரில் கண்ட சாத்திர தானம்

(மகாவீர் ஜெயந்தி விழாவின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)

 

நால்வகைத் தானம் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்னும் நான்கனுள் முதல் மூன்றையும் பற்றி இம்மேடையில் சான்றோர் பலர் விரிவாகப் பேசியுள்ளனர். ஆதலால் நான்காவதைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அதையும் நூலில் படித்தவாறு சொல்லாமல், சென்ற தை மாதத்தில் ஒரு சிற்றூரின் பொது நூலகத்தில் கண்டவாறு சொல்லப் போகிறேன்.

தை மாதத்தில் எங்கள் ஊரார் சிலருடன் கழுகுமலைக்குச் சென்றிருந்தேன். பாறையில் வரிசை வரிசையாக வீற்றிருக்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளை உங்களுள் பலர் தரிசித்திருப்பீர்கள். அவற்றின் கீழ் வட்டெழுத்தில் பொறித்துள்ள பெயர்களை நின்று நோக்கியவர் குறைவாகவே இருப்பர். திருமேனியைச் செய்வித்தவர் யார், அவர் எந்த ஊரினர், யாருடைய மாணாக்கர் என்பவற்றை அவை கூறுகின்றன. அவற்றுள் குரத்தியர் பெயர்களும் உள்ளன. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு பாண்டிய நாட்டுப் பாறை ஒன்றில் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் பொறிக்கப்பெற்றன என்பதை எண்ணியபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு உள்ளம் நிறைந்தது.

உடன் வந்தவர்கள் ஊர் திரும்பினர். நான் மட்டும் சங்கரன்கோவில் வழியாக வாசுதேவநல்லூருக்குச் சென்றேன். என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி அங்கே வங்கிப் பணியில் இருக்கிறாள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போகலாமா டீச்சர்?" என்று அவள் கேட்டதை மறுக்க மனம் வரவில்லை.

வாசுதேவநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். பூலித்தேவர் வரலாற்றோடு அதன் கோட்டைக்குத் தொடர்பு உண்டு. அவ்வூர்ச் சிவன் கோயில் இறைவனுக்குச் சிந்தாமணிநாதர் என்பது திருப்பெயர். அப்பெயரைக் கேட்டதும் நம் சீவக சிந்தாமணி என் நினைவிற்கு வந்தது. அது வெறும் பெயர் ஒற்றுமைதான். ஆயினும் அன்று மாலை நடந்தவற்றுக்கு அப்பெயரே காரணமாயிற்று.

மாணவி வங்கிக்குப் புறப்படும்போது, "மதியத்திற்கு மேல் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் டீச்சர், நம்ம ஊர் நூலகத்தில் உட்கார்ந்திருங்கள், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்றாள். அவ்வாறே சென்றேன்.

பெரிய கட்டடம் அன்று, பகட்டும் இல்லை. வாயிலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றைக் கண்டதும் ஜினாலயத்து வாயில் நினைவிற்கு வந்தது. உள்ளே நீண்ட மேசையில் நாளிதழ்கள் பரப்பப்பட்டிருந்தன. தலை நரைத்தவர் நால்வர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தனர். ஒருவர் படித்து முடிக்கும் வரை மற்றொருவர் அந்தத் தாளுக்காகப் பொறுமையோடு காத்திருந்தார். சுவரோரம் இளைஞர்களும் இளம்பெண்களும் அரசுப் பணித் தேர்வுக்கான வழிகாட்டி நூல்களில் தலை கவிழ்ந்திருந்தனர். பள்ளி விட்டதும் சீருடையோடு ஓடிவந்த சிறுமியர் இருவர், படக்கதை நூல் ஒன்றை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தனர். மின்விசிறி சுழலும் ஓசையும் தாள் புரளும் ஓசையும் அன்றி வேறு ஒலி இல்லை. அந்த அமைதி எவரும் ஆணையிட்டு வந்ததன்று. ஒருவர் படிப்பை மற்றவர் கெடுக்கலாகாது என்னும் எண்ணத்தால் தானே அமைந்தது. அதனையும் அகிம்சையின் ஒரு சிறு கூறு என்றே சொல்வேன்.

நூலகரிடம், "சமண சமயத் தொடர்புடைய நூல்கள் ஏதேனும் இங்கே உண்டா?" என்று கேட்டேன். நான் யார், எந்த ஊர், எதற்குக் கேட்கிறேன் என்று அவர் வினவவில்லை. எழுந்து முன்னே நடந்து இலக்கிய அடுக்கைக் காட்டினார். நாலடியார் இருந்தது. பவணந்தி முனிவரின் நன்னூல் உரையோடு இருந்தது. சீவக சிந்தாமணி கெட்டி அட்டையில் இருந்தது. எனக்குத் தெரிந்து நம்மவர் குடும்பம் ஒன்றும் இல்லாத ஊரில், நம் முனிவர்கள் அருளிய நூல்கள் தூசி தட்டி, எண்ணிட்டு, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

சிந்தாமணியை எடுத்து விரித்தேன். இரவல் கொடுத்த நாளைக் குறிக்கும் சீட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தது. முத்திரைகள் மிகுதியாக இல்லை. ஆனால் அண்மைக் காலத் தேதிகள் அடுத்தடுத்து இருந்தன. "இதை யார் படிக்கிறார்கள்?" என்றேன். நூலகர் சிரித்துக்கொண்டே நாளிதழ் மேசையைக் காட்டினார். அங்கிருந்த முதியவர்களுள் ஒருவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சிந்தாமணி என்று பெயர் இருப்பதைக் கண்டு, தம் ஊர்ச் சிந்தாமணிநாதரின் தலபுராணம் என்று எண்ணி எடுத்துச் சென்றாராம். சில பக்கங்கள் சென்ற பின்னரே அது வேறு கதை என்று தெரிந்ததாம். தெரிந்த பிறகும் திருப்பித் தரவில்லை. தவணை முடியும்போதெல்லாம் கொண்டுவந்து காட்டி, மறுபடியும் பதிந்து எடுத்துச் சென்று, உரையின் துணையோடு இறுதி வரை படித்து முடித்துவிட்டார்.

நான் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவள், தமிழாசிரியை என்று அறிந்ததும் அப்பெரியவரின் முகம் மலர்ந்தது. "அம்மா, ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம். கேட்பதற்கு இங்கே ஆள் இல்லை. நீங்கள் சொல்ல வேண்டும்" என்று வெளித் திண்ணைக்கு அழைத்தார்.

அவர் கேட்டது முத்தி இலம்பகத்தைப் பற்றி. அரசனாகிய சீவகன் தேவியரோடு சோலையில் இருக்கிறான். கடுவன் ஒன்று ஊடிய மந்தியைத் தேற்றிப் பலாச்சுளையைக் கொடுக்கிறது. தோட்டங்காப்போன் வந்து குரங்குகளைத் துரத்திப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். அதைக் கண்ட சீவகன், பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனை ஒத்தது, பறித்துக்கொண்டவன் தன்னையே ஒத்தான் என்று எண்ணித் துறவுள்ளம் கொள்கிறான். இதைச் சொல்லிவிட்டு அப்பெரியவர் கேட்டார்: "அந்த நாடு சீவகனின் அப்பா ஆண்ட நாடுதானே அம்மா? கட்டியங்காரன் வஞ்சகமாகப் பிடுங்கினான். இவன் தனக்கு உரியதைத் திரும்ப மீட்டான். அது நியாயம். அப்படியிருக்க, பழம் பறித்த ஆளோடு தன்னை எதற்காகச் சேர்த்துக்கொண்டான்?"

என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. முதுகலை வகுப்பில் நான் பாடமாகப் படித்தது நாமகள் இலம்பகம் மட்டுமே. மற்றவற்றைக் கதைச் சுருக்கமாகவே அறிவேன். அதைக் கொண்டே தேர்வு எழுதினேன். அதைக் கொண்டே இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்குச் சிந்தாமணியின் பெருமையை எடுத்துச் சொன்னேன். வீட்டில் நூல் இருக்கிறது. ஆண்டுதோறும் அதற்குச் சந்தனமும் பூவும் சாத்துகிறேன். முத்தி இலம்பகத்தை முழுமையாகப் படித்ததில்லை. "ஊருக்குப் போய்ப் படித்துவிட்டு எழுதுகிறேன் ஐயா" என்று முகவரி வாங்கிக்கொண்டேன்.

பெரியோர்களே, இங்கே உங்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம், முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அவர்கள் ஏட்டைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது சமய நுட்பங்கள் விளங்கவில்லை. அவற்றைத் தெரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கே சென்றார். அவ்வாறு சென்ற ஒருநாள் ஒரு வீட்டில் மாவிலைத் தோரணமும் கோலமும் கண்டு காரணம் கேட்டார். பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்துகிறது என்றனர். காவியம் படித்து முடித்த நாளைத் திருமண நாள் போலக் கொண்டாடிய குடும்பங்கள் நம் குடும்பங்கள். அவர்கள் சொன்ன விளக்கங்களும் துணை நிற்க, 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

அன்று பிறர் நம் இல்லங்களுக்கு வந்து ஐயம் கேட்டனர். நம்மவர் விடை கூறினர். இன்றும் ஒருவர் கேட்டார். நான் விடை கூற முடியாமல் நின்றேன். இடையில் நிகழ்ந்தது என்ன என்பதற்கு என் வீட்டிலேயே சான்று உண்டு. அதை இந்த அவையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் மறைவதற்கு முன்பு ஒரு மரப்பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். அதில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றும், பழைய அச்சு நூல்கள் சிலவும், அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகளும் இருந்தன. "பிள்ளைகளில் நீதான் தமிழ் படித்தவள்" என்று சொல்லிக் கொடுத்தார். நான் அதைப் பட்டுத் துணியால் மூடிப் பூசை அறையில் வைத்தேன். பெட்டிக்கு மேல் பூ வைத்தேன், விளக்கேற்றினேன். குழந்தைகள் தொட்டால் ஏடு கிழிந்துவிடும் என்று பூட்டியும் வைத்தேன். வீட்டைப் பழுது பார்ப்பதற்காகப் பெட்டியை நகர்த்திய நாளில் அதன் அடிப்பலகை கையோடு வந்துவிட்டது. உள்ளே கரையான். சுவடியில் பாதி மண்ணாகியிருந்தது. தந்தையாரின் குறிப்பேடுகளில் ஓரங்கள் மட்டும் எஞ்சியிருந்தன. என்ன எழுதியிருந்தார் என்பதை நான் ஒருநாளும் திறந்து படித்ததில்லை. இனிப் படிக்கவும் இயலாது. அப்பெட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். பாதுகாத்தேன் என்றே நம்பியிருந்தேன்.

சுருத பஞ்சமி எதற்காக வந்தது? ஆகம அறிவு நினைவிலிருந்து மறைந்துவிடுமோ என்று கவலையுற்ற தரசேனாசாரியர், கிர்நார் மலைக்கு முனிவர் இருவரை வரவழைத்துத் தாம் அறிந்ததைக் கற்பித்தார். புட்பதந்தரும் பூதபலியும் ஆகிய அவ்விருவரே சட்கண்டாகமத்தை இயற்றினர். அவர்களுள் பூதபலி முனிவர் தமிழ்நாட்டிற்கு வந்தார் என்று தவள உரை கூறுகிறது. அந்நூல் நிறைவெய்திய நாளே சுருத பஞ்சமி. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அழிந்துவிடும் என்ற அச்சத்தால் எழுத்தில் வடிக்கப்பெற்ற நூல் அது. அதன் தவள உரைச் சுவடிகளே பின்னர்ப் பல நூற்றாண்டுகள் மூடபிதிரியில் தரிசனப் பொருளாக மட்டும் இருந்தன. பலர் முயன்று படியெடுத்து, 1939ஆம் ஆண்டு முதல் அச்சில் வெளிவந்த பின்னரே கற்போர் கைக்கு எட்டின. வழிபாடு குற்றமன்று. அது சுவடியைப் பல நூற்றாண்டுகள் காத்தது. ஆயினும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உலகம் அறிந்தது திறந்து படித்த பிறகுதான்.

கன்னட நாட்டு அத்திமப்பையின் வரலாறும் நமக்குத் தெரிந்ததே. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த அம்மையார், பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துப் பலருக்கும் வழங்கினார். தான சிந்தாமணி என்னும் பெயர் அவருக்கு வழங்கிற்று. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படிகளுக்கு எத்தனை பனையோலை, எத்தனை கைகள், எத்தனை நாள்கள் வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு படியைப் பொன் பேழையில் வைத்து வழிபடுவது அவருக்கு எளிதாகவே இருந்திருக்கும்.

சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் தானங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சிலரைக் குறிப்பிடுகிறார். அவர்களுள் சாத்திர தானத்திற்கு உரியவன் கொண்டேசன். அவன் முற்பிறவியில் கோவிந்தன் என்னும் மாடு மேய்ப்பவன். மரப்பொந்தில் கிடைத்த சாத்திர நூலைப் போற்றி வைத்திருந்து முனிவருக்கு அளித்தான். அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் பேரறிவு பெற்றான் என்பது கதை. கோவிந்தன் பண்டிதன் அல்லன். நூல் தன்னிடமே இருக்க வேண்டும் என்று எண்ணாமல், அதைப் பயன்கொள்வார் கையில் சேர்த்தான். அவன் செய்தது அவ்வளவே.

வாசுதேவநல்லூர்த் திண்ணையில் இந்தக் கதை எனக்குப் புதிதாக விளங்கிற்று. அந்த நூலகத்தில் உள்ள சிந்தாமணியை வாங்கிக் கொடுத்தவர் யார்? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதை நூலகவியலின் முதல் விதியாக 1931இல் வகுத்தார். ஒரு காலத்தில் மேலை நாடுகளில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர் என்பதை அறிந்தால் அவ்விதியின் அருமை புரியும். அவரைப் போன்றோரின் முயற்சியால், தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. அச்சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் பெறப்படுகிறது. அந்தப் பணமே நூல்களாகிறது.

அவ்வூரில் வீடு உடைய உழவரும் நெசவாளரும் கடைக்காரரும் அந்தக் காசைச் செலுத்துகின்றனர். அவர்களுள் பலர் சிந்தாமணியின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் தந்த காசில் நம் திருத்தக்க தேவரின் காவியம் அடுக்கில் இருக்கிறது. ஒரு பெரியவர் அதை எடுத்துப் படித்து நம்மிடம் ஐயம் கேட்கிறார். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கோவிந்தன் அல்லரோ? நம் நூல்களை நமக்காகக் காத்துவரும் அவர்களுக்கு நாம் நன்றி சொன்னதுண்டா?

நமது சமயத்தின் காவியமாகக் கருதப்பெறும் வளையாபதி இன்று முழுமையாக இல்லை. உரையாசிரியர்களும் தொகுப்பாசிரியர்களும் எடுத்துக்காட்டிய ஏறத்தாழ 70 பாடல்களே எஞ்சியுள்ளன. இவ்வளவேனும் பிழைத்தது, யாரோ சிலர் அதைப் படித்துத் தம் நூலில் எடுத்து எழுதியதால்தான். எஞ்சியவற்றையாவது காப்பதற்கு மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, பூட்டிய பெட்டிகளையும் அலமாரிகளையும் இந்த மாதத்திற்குள் திறந்து பாருங்கள். என்ன நூல், எந்த நிலையில் உள்ளது என்று ஒரு பட்டியல் எழுதி அறக்கட்டளையிடம் கொடுங்கள். நூலைக் கொடுக்க வேண்டியதில்லை. பெயரைக் கொடுத்தால் போதும். எது அருகியிருக்கிறது என்று தெரிந்தால்தான் படியெடுக்க முடியும். எனக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேர வேண்டாம்.

இரண்டாவது, இன்னும் இரண்டு மாதங்களில் சுருத பஞ்சமி வருகிறது. அன்று நூலுக்குப் பூசை முடிந்ததும் பட்டுத் துணியை அவிழ்த்து, ஒரு பகுதியையாவது குடும்பத்தோடு உரக்கப் படியுங்கள். பொருள் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐயமாவது நம்மிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, நீங்கள் வாழும் ஊரின் பொது நூலகத்திற்கு ஒருமுறை குழந்தைகளோடு செல்லுங்கள். நூலகப் புரவலர் ஆகலாம். நாலடியார், அருங்கலச்செப்பு, சூளாமணி, நீலகேசி ஆகியவற்றுள் அங்கே இல்லாதது எது என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். கொடுத்ததோடு நில்லாமல், அடுத்த ஆண்டு சென்று தேதிச் சீட்டைப் பாருங்கள். ஒரு முத்திரை விழுந்திருந்தாலும் உங்கள் தானம் பலித்தது என்று கொள்ளலாம்.

ஊர் திரும்பிய மறுநாளே நான் சிந்தாமணியைத் தொடங்கினேன். 3,145 செய்யுள்கள், நாளொன்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் பதினொரு மாதத்திற்குள் முடியும். இப்போது காந்தருவதத்தையார் இலம்பகத்தில் இருக்கிறேன். ஆனால் அப்பெரியவரைப் பதினொரு மாதம் காத்திருக்க வைப்பது முறையன்று என்பதால், முத்தி இலம்பகத்தின் அப்பகுதியை முன்னதாகவே உரையோடு படித்து அவருக்குக் கடிதம் எழுதினேன்.

எனக்குத் தோன்றிய விடை இது. நாடு தன் தந்தைக்கு உரியது என்பது மெய்தான். ஆனால் தந்தையிடமும் அது நிலைக்கவில்லை, பறித்தவனிடமும் நிலைக்கவில்லை, தன்னிடமும் நிலைக்காது. ஆதலால் மீட்டது நியாயமே ஆயினும், எனது என்று பற்றிக்கொண்ட கை பழத்தைப் பறித்த கைதான் என்று சீவகன் கண்டான். பகவான் மகாவீரர் அருளிய அபரிக்கிரகம் இதுவே. இதை எழுதும்போது என் பூசை அறைப் பெட்டியே கண் முன் நின்றது. சாத்திரத்தையும் எனது என்று பூட்டினால் அதுவும் பரிக்கிரகமே அல்லவா?

இரண்டு வாரத்தில் அஞ்சலட்டையில் மறுமொழி வந்தது. விடை பொருந்துகிறது என்றும், அடுத்துச் சூளாமணி படிக்க விரும்புவதாகவும், தம் ஊர் நூலகத்தில் அது இல்லை என்றும் அப்பெரியவர் எழுதியிருந்தார். என்னிடமிருந்த படியை அந்த நூலகத்தின் பெயருக்கு அனுப்பிவைத்தேன். வரும் தை மாதத்தில் அங்கே சென்று அதன் சீட்டைப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

 வாழ்க திருவறம்!